ஒற்றைப் பூச்சியின் உற்றார்

காட்சியகத்தின் மேல்மாடியில், பார்வையாளர் ஏறக் கூடாதென்று சங்கிலி மாட்டிய படிக்கட்டின் முடிவில், பூச்சிகளுக்கென்றே நீண்டதோர் அறை இருந்தது. இருபுறமும் ஆளுயர இரும்பு அலமாரிகள். அலமாரி நிறையக் கண்ணாடி மூடிய இழுப்பறைகள். இழுப்பறை நிறைய, உடலில் ஊசி தைத்து நிறுத்திய பூச்சிகள். கதவைத் திறந்தவுடன் பாச்சை உருண்டையின் நெடி மூக்கைப் பிடித்து உலுக்கும். முதன்முறை வருகிறவர்கள் இருமிக்கொண்டே திரும்பிவிடுவார்கள். அந்த அறையின் காப்பாளருக்கோ அந்நெடி இல்லாத இடத்தில்தான் மூச்சு முட்டும்.

அவரைக் காட்சியகத்தில் எல்லாரும் ஊசியம்மாள் என்றார்கள். பூச்சிகளை ஊசியில் ஏற்றுகிறவர் என்பது அப்பெயருக்குப் பாதிக் காரணம். பேச்சிலும் ஊசி ஏற்றுவார் என்பது மறுபாதி. "வாயத் தொறந்தா ஒரு குத்து, மூடுனா ரெண்டு குத்து" என்று வாயிற்காவலர் ஒருநாள் யாரிடமோ சொல்லியது அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் நின்று, காவலரை மேலும் கீழும் அளந்து, "உங்க உடம்புக்கு ஏத்த ஊசி இன்னும் கடைக்கு வரலப்பா, வந்தா சொல்றேன்" என்று கூறிவிட்டுப் படியேறினார்.

தையற்காரர் வீட்டில் பிறந்தவர். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசும் தந்தையைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஊசி அச்சமூட்டும் பொருளாக இருந்ததே இல்லை. விலங்கியல் படித்து, தற்காலிக உதவியாளராக அந்த அறைக்குள் நுழைந்து, அங்கேயே நரைத்து, அங்கேயே காப்பாளரானார். குழந்தைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களிடம், "எனக்கு அலமாரி நிறைய இருக்கு, ஒண்ணுகூட அழாது" என்பார். கேட்டவர்களின் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அந்த அறையின் உயிரற்ற குடிகளில் ஒன்றுக்கு மட்டும் தனி இழுப்பறை. அது சிறகில்லாத, வெளிறிய ஒரு சுவர்க்கோழி. வீட்டு மூலையில் ஒளிந்துகொண்டு 'கிரீச் கிரீச்' என்று கத்தி உறக்கத்தைக் கெடுக்குமே, அந்தச் சிறு பூச்சியின் இனத்தது. ஊசியம்மாள் பிறப்பதற்கும் முன்னர் யாரோ ஒருவர் ஒரு மலையிடுக்கில் அதைப் பிடித்தார். பின்னர் அணை கட்டினார்கள். மலையிடுக்கு நீருக்குள் போயிற்று. அதுபோல் இன்னொன்றை அதன்பின் எவரும் கண்டதில்லை. அப்படியோர் உயிர் மண்ணில் வாழ்ந்தது என்பதற்கு அந்த ஊசியில் நிற்கும் ஓர் உடலே சாட்சி. அதிலும் காலப்போக்கில் ஒருபக்கக் கால்கள் உதிர்ந்துபோய், முன்கால் ஒன்று, நடுக்கால் ஒன்று, பின்கால் ஒன்று என மூன்றே எஞ்சி நின்றன.

உற்றார் உறவினர் இன்னாரென்று தெரியாமல் கிடந்த அந்த அநாதைக்கு உறவு கண்டு சொன்னவர் ஊசியம்மாள். வாழ்நாளில் அவர் செய்த பெருஞ்செயல் அது ஒன்றே.

உயிர்களுள் யார் யாருக்கு உறவு என்று காண்பது, பார்வைக்கு எளிதாய்த் தோன்றினும் படுகுழிகள் நிறைந்த வேலை. படைத்தவன் எந்த உயிரின் முதுகிலும் அதன் குலமுறையைப் பொறித்து அனுப்பவில்லை. ஒத்த வடிவம் உறவுக்குச் சான்றாகாது. திமிங்கிலமும் சுறாவும் ஒரே சாயலில் நீந்துகின்றன, உறவோ ஏழு கடலுக்கு அப்பால். எல்லாருக்கும் பொதுவாய் இருப்பதும் சான்றாகாது. ஆறு கால் உண்டென்பதற்காக இரண்டு பூச்சிகள் அக்காள் தங்கை ஆகிவிட மாட்டா, பூச்சியென்று பிறந்த அனைத்துக்கும் ஆறு கால்தான். தேட வேண்டியது வேறு. பழைய முன்னோரிடம் இல்லாமல், ஏதோ ஒரு வீட்டில் புதிதாய்த் தோன்றி, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வழிவழியாய் இறங்கி வந்த அடையாளம் எதுவோ, அதைத் தேட வேண்டும். பழைய ஓலை ஏடுகளைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவர்களிடமும் இதே நியாயத்தைக் காணலாம். ஒருவர் ஓரிடத்தில் ஒரு சொல்லைப் பிழையாக எழுதிவிட்டால், அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர் அனைவரிடமும் அப்பிழை தொடரும். பிழையில்லாத பாடம் எல்லா ஏடுகளிலும் இருக்கும். அதனால் உறவு விளங்காது. பிழைதான் குலத்தைக் காட்டிக்கொடுக்கும்.

ஊசியம்மாள் கண்ட அடையாளம் அந்தப் பூச்சியின் பின்காலில் இருந்தது. நெட்டையும் குட்டையுமாக மாறி மாறி நிற்கும் இரு வரிசை முட்கள். அத்தகைய முள்வரிசை, இருளில் வாழும் குகைச் சுவர்க்கோழிகளைத் தவிர வேறு எந்தச் சுவர்க்கோழியிடமும் கிடையாது. ஆகவே மறைந்துபோன இந்தப் பூச்சி குகைச் சுவர்க்கோழிகளுக்குத் தங்கை முறை என்று எழுதினார். படம் வரைந்தார். அயல்நாட்டு நூல்களும் அதை எடுத்தாண்டன. பிறர் கண்டவற்றைத் துடைத்துத் துடைத்துக் காத்தே காலம் கழித்த ஒருவருக்கு, தாம் கண்டதாகச் சொல்லிக்கொள்ள அந்த முள்வரிசையைத் தவிர வேறொன்றும் இல்லை. அது நிற்கும் வரையில் தாமும் நிற்பதாக அவர் எண்ணினார்.

அவருடைய கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கணவரின் தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், அவர்கள் வீட்டு மாடியறையிலேயே குடியிருந்தாள். காட்சியகத்துக்கு எதிர்ச்சாரியில் இருந்த மரபணு ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. அண்ணி வடிவத்தில் தேடிய உறவை அவள் எழுத்தில் தேடுகிறவள். ஒவ்வோர் உயிரின் அணுவிலும் நான்கே எழுத்துகளால் ஆன நெடியதொரு வாசகம் உண்டு. பல பூச்சிகளிடமிருந்தும் அதன் ஒரே பகுதியை எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது, அந்த மாற்றம் யார் யாருக்குப் பொது என்று பார்ப்பாள். அவற்றோடு நெருங்கிய உறவில்லாத பூச்சி ஒன்றையும் வெளியாளாக அடுக்கில் சேர்த்துக்கொள்வாள். அப்போதுதான் எது பழையது, எது புதியது என்று பிடிபடும். கணினி அவ்வெழுத்துகளை மேய்ந்து, எந்தக் கிளை எங்கே பிரிந்தது என்று ஒரு மரத்தை வரைந்து நீட்டும்.

அந்த மரத்தில் ஒற்றைப் பூச்சிக்கும் இடம் வேண்டுமென்பது சின்னவளின் நெடுநாள் ஆசை. உணவு மேசையில் அது அன்றாட வழக்காயிற்று.

"அண்ணி, ஒரே ஒரு கால்தான் கேக்கிறேன். உசுரையா கேக்கிறேன்?"

"அதுக்கு உசுரு இல்லேன்னுதான் உனக்குக் கேக்கத் தைரியம் வருது. இருந்திருந்தா ஒரு கடி வெச்சிருக்கும்."

"கால அரைச்சாத்தானே உள்ள இருக்கிற எழுத்து வெளிய வரும்?"

"நான் இருக்கிறதைக் காப்பாத்தறவ. நீ இருக்கிறதை அரைக்கிறவ. ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. எங்க போய்ச் சொல்றது?"

கணவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். "என்கிட்ட சொல்லலாமே. மூக்கு மாதிரி நடுவுல உக்காந்திருக்கேன். ரெண்டு கண்ணாடியும் என்னைத்தான் அழுத்துது."

கடைசியில் ஊசியம்மாள் இணங்கினார். நாத்தனாரின் நச்சரிப்பு ஒரு காரணம். உண்மையான காரணம், விடை தமக்குச் சாதகமாகவே வரும் என்று அவர் ஐயமின்றி நம்பியது. எழுத்தும் தம் முள்வரிசைக்குச் சாட்சி சொல்லிவிட்டால், பிறகு அதை அசைப்பார் யார்?

"பின்கால் மட்டும் கேக்காதே. அதுலதான் முள்ளு இருக்கு. நடுக்கால எடுத்துக்கோ."

தாமே வெட்டித் தந்தார். கூரிய கத்தரியின் நுனியை வைத்து அழுத்தியபோது, காய்ந்த துரும்பு முறிவதுபோல் ஓர் ஒலி கேட்டது. அவ்வொலி கேட்டு அவர் பல்லைக் கடித்துக்கொண்டதைச் சின்னவள் கண்டும் காணாதவளாய் இருந்தாள்.

விடையோடு சின்னவள் வந்த அன்று வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சங்கிலியைத் தாண்டி, மூச்சிரைக்க மேலேறி வந்து, அச்செடுத்த தாளை மேசைமேல் விரித்தாள்.

"அண்ணி, உக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லு."

"அது குகை வீட்டுக்குப் போகல. பாசி வீட்டுக்குப் போயிருக்கு."

பாசிச் சுவர்க்கோழிகள் உயர்மலைகளின் ஈரப்பாசியில் வாழ்பவை. குகைச் சுவர்க்கோழிகளுக்கும் அவற்றுக்கும் தொலைவான உறவுதான். ஊசியம்மாள் தாளைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். மீண்டும் தாளைப் பார்த்தார்.

"இப்ப உன் மேசை பூரா என்ன பூச்சி?"

சின்னவள் சற்றுத் தயங்கினாள். "பாசிச் சுவர்க்கோழிதான் அண்ணி. மாசக்கணக்கா அதுதான் ஓடுது."

"அப்ப விஷயம் முடிஞ்சுது. உன் மேசைப் பூச்சி என் பூச்சியோட குழாய்க்குள்ள குதிச்சிடுச்சு. உசுரோட இருக்கறப்பதான் குதிக்கும்னு நெனச்சேன், அரைச்சப்புறமும் குதிக்குது!"

"வெறும் குழாய் ஒண்ணையும் கூடவே வெச்சுத்தான் பண்ணேன். அதுல ஒண்ணும் வரல. அழுக்கு ஏறியிருந்தா அதுலயும் வந்திருக்கும். அதோட, எழுத்து அச்சு அசலா அதே இல்ல. தள்ளி இருக்கு. உறவு, ஆனா அதுவே இல்ல."

"பழைய உடம்புல எழுத்து சிதைஞ்சிருக்கும்னு நீதானே சொன்ன? அந்தச் சிதைவுதான் இந்தத் தள்ளல். என் கண்ணால பார்த்த முள்ளு பொய், உன் கைபட்ட தண்ணி நிஜமா?"

அண்ணி சொன்னது நடக்கவே நடக்காத ஒன்றன்று. கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று கையுறையில் ஒட்டி வந்தால் போதும், முழு மரமும் திசைமாறிவிடும். மரபணு எழுத்தைப் படிப்பவர்கள் தொழிலில் அது தீராத பேயச்சம். சின்னவள் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

அத்துடன் நின்றிருந்தால் அது வீட்டுச் சண்டையாக முடிந்திருக்கும். காட்சியகத்துக்கும் ஆய்வகத்துக்கும் இயக்குநர் ஒருவரே. அவர் ஊசியம்மாளை அழைத்து, சின்னவளின் முடிவை வெளியிடலாமா வேண்டாமா என்று கருத்துக் கேட்டார். "உறவுக்காரங்கன்னு பாக்காம சொல்லுங்க" என்றார். உறவு பார்க்காமல் சொல்வதே நேர்மை என்று காட்டிக்கொள்ளும் வேகத்தில், ஊசியம்மாள் தேவைக்கு மேலும் ஒருபடி ஏறிவிட்டார். "கை சுத்தம் போதாதுன்னு நினைக்கிறேன் சார். பழசைத் தொட அந்தக் கை சரிப்படாது."

பழைய மாதிரிகளைத் தொடும் பணி சின்னவளிடமிருந்து எடுக்கப்பட்டது. குழாய் அடுக்குவதும் கணக்குப் பார்ப்பதுமாக அவள் நாள் கழிந்தது. வீட்டில் உண்ணுமுன் கை கழுவினாள், உண்டபின் கழுவினாள், இடையில் எழுந்து போயும் கழுவினாள். விரலிடுக்குகள் வெடித்துச் சிவந்தன. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"என்னம்மா இது, கையத் தேய்ச்சே கரைச்சிடுவ போலிருக்கு?"

"அழுக்குக் கைண்ணா. போக மாட்டேங்குது."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். குற்றம் குறுகுறுக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும், மெய்யைச் சொன்னதற்கு வருந்துவதா என்ற வீம்பு அதன் தலையில் ஏறி மிதித்துக்கொண்டது. இந்த வழக்கை ஐயத்துக்கிடமின்றி முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். முள்வரிசையை இதுவரை எவரும் எடுக்காத தெளிவோடு படமெடுத்து, மறுப்பொன்று எழுதி, எழுத்தைப் படிப்பவர்கள் வாயை அடைத்துவிடுவது.

பின்கால் உடலோடு ஒட்டினாற்போல் மடங்கியிருந்ததால், உட்பக்க முட்கள் படத்தில் விழவில்லை. காய்ந்த பூச்சியின் காலை அப்படியே இழுத்தால் முறியும். அதற்கென்று ஒரு வழி உண்டு. ஈரமணல் பரப்பிய மூடிய பெட்டிக்குள் பூச்சியைச் சில நாள் வைத்தால், மூட்டுகள் இளகிக் கொடுக்கும். எத்தனையோ பூச்சிகளுக்கு அவர் செய்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் அஞ்சி அஞ்சி இதுநாள்வரை ஈரப்பெட்டியில் வைத்ததில்லை. இப்போது வைத்தார்.

பெட்டியைத் திறந்தபோது, பூச்சி ஊசியில் நின்றது. பின்கால் மணலில் கிடந்தது.

இளகியிருக்கலாம், முறிந்திருக்கக் கூடாதே! இடுக்கியால் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். காலின் மேல்முனையில் மஞ்சளாய் ஏதோ கூழ்போல் படிந்திருந்தது. பழைய கோந்து. ஈரத்தில் ஊறி நெகிழ்ந்திருந்தது. அதைக் கண்டதும் சிறிது ஆறுதல்கூடத் தோன்றிற்று. பழைய காப்பாளர்கள் உடைந்த காலைக் கோந்தால் ஒட்டிவைப்பது வழக்கந்தானே. தானே கழன்ற அதன் காலை அதற்கே ஒட்டியிருப்பார்கள். கோந்தைத் துளித்துளியாய் நீரால் கழுவித் துடைத்தார்.

பூச்சியின் காலில், இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே சிறிய வளையம்போல் ஒரு கணு இருக்கும். ஒரு காலுக்கு ஒரு கணு. கையிலிருந்த காலின் மேல்முனையில் அக்கணு முழுதாய் இருந்தது. ஊசியில் நின்ற உடலை நுண்ணோக்கியின் கீழ்த் திருப்பிவைத்தார். கால் விழுந்த இடத்தில், கோந்துக் கறையினடியில், இன்னொரு கணு முழுதாய் இருந்தது.

ஒரு காலுக்கு இரண்டு கணு இருக்க முடியாது. பூச்சி தன் காலை எங்கோ இழந்திருக்கிறது. யாரோ ஒருவர், வெறுங்கணுவோடு நின்ற அதன் அழகின்மை பொறாமல், உதிரிக்கால்கள் கிடக்கும் பெட்டியிலிருந்து ஒரு குகைச் சுவர்க்கோழியின் காலைப் பொறுக்கிப் பொருத்தியிருக்கிறார். பழம்பாட்டில் ஓரடி சிதைந்திருக்கக் கண்டு, தாமே ஓரடி இயற்றிச் செருகிய அன்பரைப்போல. செருகியவர் கெட்டிக்காரர், அளவும் நிறமும் மூட்டுச்சந்தும் பிசகவில்லை. செருகல் எதுவோ, அதன்மேல்தான் ஊசியம்மாள் தம் உரை முழுவதையும் எழுதியிருந்தார்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கோந்துக் குப்பி இருந்தது. ஒரு துளி போதும். அந்த இழுப்பறையை அவர் இசைவில்லாமல் திறக்க எவருக்கும் உரிமை இல்லை. நடுக்கால் அரைபட்டுப் போயிற்று. அதன் சாட்சியோ அழுக்கென்று தள்ளப்பட்டாயிற்று. முள்வரிசை மீண்டும் தன் இடத்தில் நிற்கும், புத்தகங்கள் நிற்கும், தாமும் நிற்கலாம். குப்பியின் மூடியைத் திருகித் திறக்கவும் திறந்தார். கோந்தின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. தமக்கு முன் இதே மேசையில் அமர்ந்து ஒட்டிய கைக்கும் இப்போது குப்பியைத் திறந்திருக்கும் தம் கைக்கும் ஒரு வேற்றுமை உண்டு என்று அவருக்குப் பட்டது. முன்னவர் அழகுக்காக ஒட்டினார், அறிந்து ஏமாற்றவில்லை. மூடியைத் திருகி மூடினார்.

மதிய வேளையில் அவர் கடைக்கு வருவது கணவருக்குப் புதிது. மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாய் மாட்டிய சுவருக்கு முன்னால், வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் வந்து அமர்ந்தார். நடந்ததைச் சொன்னார். கணவர் கையிலிருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"யார்கிட்ட சொல்லணும்னு கேக்க வந்தியா, சொல்லணுமான்னு கேக்க வந்தியா?"

"ரெண்டும் இல்லங்க. சொல்லத்தான் போறேன். சொல்றதுக்கு முன்னால யாராவது ஒருத்தர் என்னைத் திட்டணும்னு தோணிச்சு."

"அதுக்கு நான் ஆள் இல்ல. அதுக்கு உரியவ நம்ம வீட்டு மாடியில குடியிருக்கா." துடைத்த கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களை இந்தக் கடையில நிறையப் பார்த்திருக்கேன். கண்ணு நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டுப் படியில இடிச்சுக்குவாங்க. நீ அந்த ரகம் இல்ல. போ."

இயக்குநர் முதலில் நம்பவில்லை. நம்பியபின் முகம் கறுத்தது. "இத்தனை வருஷமா எல்லாரும் எடுத்துச் சொல்லிட்டிருக்கிற விஷயம்மா இது. நாமளே போய் அதைப் பொய்னு சொல்லணுமா?"

"பொய்னு ஆயிடுச்சு சார். நாம சொல்றோமா இல்லையாங்கிறதுதான் மிச்சம். கை சுத்தம் போதாதுன்னு சொன்னேனே, அதையும் திருப்பி எடுத்துக்கிறேன்."

"சொன்னதை எடுத்துக்கலாம். நடந்ததை?"

ஊசியம்மாள் தாம் எழுதியதை திரும்பப் பெறுவதாக, அதை வெளியிட்ட ஆய்விதழுக்கு அன்றே கடிதம் எழுதினார். அதில் நடுக்காலின் எழுத்துகள் சரியாகவே இருந்திருக்கக் கூடும் என்று ஒரு வரி சேர்க்க விரும்பினார். அதற்குச் சான்று வேண்டும். நடுக்காலை அரைத்ததில் எஞ்சிய சாறு ஆய்வகத்தின் உறைபெட்டியில் இருக்கும், இன்னொருமுறை இன்னோர் இடத்தில் படித்துப் பார்த்தால் உறுதியாகிவிடும் என்று எண்ணியபடி சாலையைக் கடந்தார்.

சின்னவள் குழாய் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊசியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கோந்து, இரண்டு கணு, திறந்து மூடிய குப்பி உட்பட. சின்னவளின் விரல்கள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்ப என் மரம் சரி."

"சரிதான்மா."

"என் கையும் சரி."

"சரிதான். நான்தான்..."

"இருங்கண்ணி. இப்ப மன்னிப்பு எதுவும் கேக்காதீங்க. கேட்டா நான் சரின்னு சொல்லணும். எனக்கு இப்ப சொல்ல வரல." குழாய்த்தட்டைத் தள்ளிவைத்தாள். "மீதிச் சாறு இருந்தா எடுத்துக் குடுன்னு கேக்கத்தானே வந்தீங்க? இல்ல. ஊத்திட்டேன்."

"ஊத்திட்டியா?"

"நீங்க சொன்னதை நான் நம்பிட்டேன் அண்ணி. ஊரு சொன்னா சண்டை போட்டிருப்பேன். நீங்க சொன்னீங்க. என் கண்ணு முன்னால ஒரு பூச்சியக்கூடக் கோணலா ஒட்டாதவங்க நீங்க. அழுக்குத் தண்ணிய வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தொட்டியில ஊத்திட்டுக் கையக் கழுவிட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்."

ஊசியம்மாள் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். நடுக்கால் அரைபட்டது, அரைத்த சாறும் கொட்டப்பட்டது. பின்கால் பிறிதொன்றின் உடைமை. அதன் சொந்தப் பின்கால் எப்படி இருந்தது, முள் இருந்ததா இல்லையா என்பதை இனி மனிதர் எவரும் காணப்போவதில்லை. அந்தப் பூச்சி இன்னாருக்கு உறவென்று சொல்ல இப்போது ஒரு வடிவமும் இல்லை, மீண்டும் படித்துச் சரிபார்க்க ஓர் எழுத்தும் இல்லை. இருந்த உறவைப் பறித்துவிட்டு, வந்த உறவையும் விரட்டியாயிற்று. முன்பிருந்ததைவிடப் பெரிய அநாதையாக அது மேல்மாடியில் நிற்கிறது.

உடலை அரைத்தால் அதன் ஒரே சாட்சியே அழிந்துவிடும். அதைவிட்டால் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"முன்கால் ஒண்ணு இருக்கு" என்றார்.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "அதையும் எடுத்துட்டா ஒரு கால்கூட இல்லாமப் போயிடும்."

"தெரியும்."

"எனக்கு வேண்டாம். வேற யார்கிட்டயாவது குடுங்க. என் கைய நானே நம்ப மாட்டேங்கிறேன். எத்தனை கழுவினாலும் அழுக்காவே தெரியுது." வெடித்திருந்த விரல்களை விரித்துக் காட்டினாள். "பாருங்க."

ஊசியம்மாள் பார்த்தார். குனிந்து, நுண்ணோக்கியில் பார்ப்பவரைப்போல் நெடுநேரம் பார்த்தார். எத்தனையோ பூச்சிகளின் உடைந்த மூட்டுகளைக் கண்டு பழகிய அக்கண்கள் நனைந்துவிட்டன. எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் திரும்பி வந்தார். உள்ளங்கையில் மூடியிட்ட ஒரு சிறு கண்ணாடிக் குழாய். அதனுள் மயிரிழைபோல் ஒரு கால். இந்த முறை கத்தரி அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொள்ளவும் மறந்திருந்தார். கணு சொந்தக் கணுதான், கோந்து இல்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே வெட்டியிருந்தார். பழைய மாதிரிகளுக்கென்று ஒதுக்கிய சிற்றறையின் சாவியை இயக்குநரிடமிருந்து வாங்கி வந்து, குழாயின் அருகே வைத்தார்.

"இது வெறும் கால்தாம்மா. யார்கிட்டயும் குடுக்கலாம். வேற ஊர் ஆய்வகத்துக்கும் அனுப்பலாம், அவங்களும் நல்லாத்தான் பண்ணுவாங்க. நான் உன்கிட்டத்தான் குடுக்கிறேன். உனக்கு நல்லதுன்னு குடுக்கல. அந்தப் பூச்சிக்காகத்தான் குடுக்கிறேன். அதை முதல்ல சரியாப் படிச்ச கை இதுதான்."

"தப்பாப் போனா?"

"தப்பாப் போனா அதுக்கு யாரும் இல்லேன்னு எழுதுவேன். யாரும் இல்லாம இருக்கிறதும் ஒரு இருப்புதான். எனக்குப் பழக்கம்."

சின்னவள் குழாயைத் தொடவில்லை. சாவியையும் தொடவில்லை. எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். கைகளை நனைத்தாள். சோப்பை எடுத்தாள், ஒருமுறை தேய்த்துக் கழுவினாள். மறுபடி சோப்பை நோக்கி நீண்ட கை பாதியில் நின்றது. நீரை நிறுத்தினாள். ஈரத்தைத் துணியில் ஒற்றிக்கொண்டு, கையுறைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நீங்க இங்க நிக்காதீங்கண்ணி. நீங்க பாத்தா எனக்குக் கை ஓடாது."

"வெளிய இருக்கேன்."

"வெளியவும் இருக்காதீங்க. உங்க அலமாரிக்குப் போங்க. கூப்பிடுறேன்."

ஊசியம்மாள் தாழ்வாரத்துக்கு வந்தார். போகத்தான் நினைத்தார், ஆனால் சுவரில் சாய்ந்து நின்றார். சிற்றறையின் பூட்டில் சாவி ஒருமுறை தவறி, மறுமுறை பொருந்தித் திரும்புவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது. பின்னர் உள்ளே காற்றைத் தூய்மையாக்கும் பெட்டி மெல்ல உறுமத் தொடங்கிற்று. இன்ன தெய்வத்தை என்றில்லாமல், உயிர்களை ஒன்றிலிருந்து ஒன்றாய்க் கிளைக்கவைத்த அந்த ஒருவனை நினைத்து, ஊசியம்மாள் கண்களை மூடிக்கொண்டார்.